நிதி உதவி கேட்டால் இடம் போய்விடுமா?

கேள்வி: என் மகள் மூன்று வயதில் அமெரிக்கா வந்தவள், இப்போது நியூ ஜெர்சியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் எச்-1பி வேலை விசாவிலும் நானும் மகளும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவிலும் இருக்கிறோம். கிரீன் கார்டுக்கான முதற்கட்ட மனுவான ஐ-140 ஒப்புதலாகிப் பல ஆண்டுகள் ஆகியும் கார்டு வரவில்லை. இளைய மகன் இங்கே பிறந்தவன். கணவரின் ஆண்டு வருமானம் 1,10,000 டாலர்; நான் வேலைக்குப் போகவில்லை. எங்களுக்கு அறிமுகமான கல்லூரி ஆலோசகர் ஒருவர், "விண்ணப்பத்தில் நிதி உதவி வேண்டாம் என்று குறித்துவிடுங்கள், இடம் கிடைத்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். சேமிப்பை ஓர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் போட்டால் கல்லூரியின் கணக்கில் அது வராது என்றும், ஐ-140 இருப்பதால் மகளை நிரந்தரவாசி, அதாவது கிரீன் கார்டு உள்ளவள் என்றே காட்டலாம் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: உதவி இல்லாமல் உங்களால் படிக்கவைக்க முடியாது என்றால், விண்ணப்பிக்கும் நாளிலேயே நிதி உதவி வேண்டும் என்று குறியுங்கள். உங்கள் ஆலோசகர் சொன்ன மூன்றில் ஒன்றையும் செய்யாதீர்கள்.

உதவி கேட்டால் இடம் போய்விடும் என்ற உங்கள் அச்சத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் தனியார் கல்லூரிகள் குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாத மாணவர்களை இரண்டு விதமாக நடத்துகின்றன. சில கல்லூரிகள் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பணம் கேட்கிறாரா இல்லையா என்பதைப் பார்ப்பதேயில்லை. இதை 'நீட் பிளைண்ட்' என்பார்கள், தேவை பாராத சேர்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடின், பிரவுன், நோட்டர் டேம் ஆகியவை எந்த நாட்டு மாணவருக்கும் இந்த முறையைக் கடைப்பிடித்து, தேர்வானவரின் முழுத் தேவையையும், அதாவது குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும், நிரப்புகின்றன. ஹார்வர்டும் எம்ஐடியும் 2025-26 கல்வியாண்டு முதல், வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பத்தின் வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. இந்தச் சலுகைக்கு விசா தடையில்லை. இந்த இடங்களில் நிதி உதவி கேட்டதால் உங்கள் மகளுக்கு ஒரு குறையும் வராது. அங்கே இடம் கிடைப்பது யாருக்குமே அரிது என்பது தனிப் பிரச்சினை.

மற்ற பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் என்ற வகையில் வருபவரின் பணத் தேவையைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. அங்கே நிதி உதவி கேட்பது வாய்ப்பைக் குறைக்கத்தான் செய்யும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் வேண்டாம் என்று குறித்து இடம் வாங்கினால் என்ன ஆகிறது என்பதை ஆலோசகர்கள் சொல்வதில்லை. இத்தகைய கல்லூரிகளில் பல, விண்ணப்பத்தின்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டுகளிலும் கேட்க முடியாது என்று தங்கள் விதியில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு 90,000 டாலரை ஒட்டி வரும் செலவை நான்கு முறை கையிலிருந்து கட்டுவீர்களா? கட்ட முடியாது என்றால், ஏப்ரல் மாதத்தில் வீட்டில் எல்லாரும் கொண்டாடிய அந்தச் சேர்க்கைக் கடிதத்தை மே மாதத்தில் நீங்களே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படித் திருப்பிக் கொடுத்த பிள்ளைகளின் எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன். மறுக்கப்பட்ட பிள்ளையின் வருத்தத்தைவிட அது கொடுமையானது.

பதினான்கு ஆண்டுகள் இந்த நாட்டுப் பள்ளியில் படித்து, இந்த நாட்டில் வரி கட்டும் வீட்டில் வளர்ந்த பெண்ணை 'வெளிநாட்டு மாணவி' என்று ஒரு கோப்பில் அடைப்பது எந்த வகையில் நியாயம் என்று இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆவணமே இல்லாமல் இங்கே வளர்ந்த மாணவர்களைப் பல கல்லூரிகள் உள்நாட்டு மாணவர்களோடு சேர்த்துப் பரிசீலிக்கின்றன. அது மிகச் சரியான முடிவு. ஆனால் அதே கல்லூரிகளில் சில, முறையான விசாவோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படித்த பிள்ளையை வெளிநாட்டுக் கோப்பில் வைக்கின்றன. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட வரம்புக்கும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் படிப்புக்கும் என்ன தொடர்பு? அந்த வரம்பு மாறும் வரை காத்திருக்க உங்கள் மகளுக்கு நேரமில்லை என்பதால், இருக்கும் விதிக்குள் வழி பார்ப்போம்.

இப்போது அந்தப் பாலிசி. நம் குடும்பங்கள் கூடும் இடங்களில் எல்லாம், கல்லூரித் திட்டமிடல் என்ற பெயரில், ஓட்டல் அரங்கில் இலவசக் கூட்டம் நடத்தி, கடைசியில் இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப் என்னும் ஆயுள் காப்பீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர்களுடைய வாதம் முழுவதும் ஒரே விதியின் மேல் நிற்கிறது: கூட்டாட்சி அரசின் நிதி உதவி விண்ணப்பமான ஃபாஃப்சா, ஆயுள் காப்பீட்டில் சேர்ந்துள்ள தொகையைச் சொத்தாகக் கேட்பதில்லை. அது உண்மை. ஆனால் உங்கள் மகள் ஃபாஃப்சாவே நிரப்ப முடியாதவள்! அந்த உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இன்னும் ஒரு சில வகையினருக்கும் மட்டுமே. எச்-4 அதில் இல்லை. அவளுக்கு இல்லாத ஒரு விண்ணப்பத்தின் ஓட்டையைக் காட்டி உங்களிடம் பாலிசி விற்கப் பார்க்கிறார்கள்.

உங்கள் மகள் நிரப்பப் போவது, கல்லூரிகள் தங்கள் சொந்த நிதி உதவிக்காகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்னும் விண்ணப்பம்; அதை நடத்துவது காலேஜ் போர்டு என்னும் அமைப்பு. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். பன்னிரண்டு கல்லூரிகள் என்றால் 201 டாலர். இது ஃபாஃப்சாவைவிட மிக ஆழமாகத் துருவும். வீட்டின் மதிப்பைக் கேட்கும், ஓய்வூதியச் சேமிப்பைக் கேட்கும். அதற்கு மேலும் கேள்வி கேட்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு. போன ஆண்டு ஒரு தந்தை தன் பாலிசித் தாள்களை என் மேசையில் வைத்தார். மாதம் 700 டாலர் வீதம் இரண்டரை ஆண்டுகள் கட்டியிருந்தார். பதினோராம் பக்கத்தில், பாலிசியை இடையில் முடித்தால் பிடித்துக்கொள்ளும் சரண்டர் கட்டணம் என்று ஓர் அட்டவணை இருந்தது. அதில் தன் ஆண்டுக்கு நேரே இருந்த தொகையை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். கட்டிய பணத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டத்தில் போயிருந்தது. மகனின் முதல் பருவக் கட்டணத்துக்கு அவர் நம்பியிருந்த பணம் அதுதான்.

ஊரில் இருக்கும் சொத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே வாங்கிப் போட்ட மனை, அடுக்ககம், வங்கி வைப்பு எல்லாவற்றையும் புரொஃபைலில் காட்ட வேண்டும். டாலருக்கு மாற்றி, நியாயமான சந்தை மதிப்பில் எழுதுங்கள். அங்கே இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். கல்லூரிகள் உங்கள் வருமான வரிப் படிவத்தை முழுமையாகக் கேட்டு வாங்கும். அதோடு வரும் ஷெட்யூல் பி-யின் அடியில், வெளிநாட்டில் வங்கிக் கணக்கு உண்டா, எந்த நாட்டில் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே ஆம், இந்தியா என்று எழுதிவிட்டுப் புரொஃபைலில் வெளிநாட்டுச் சொத்து இல்லை என்று குறித்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அலுவலர் என்ன நினைப்பார்? அதற்கு மாறாக, மாதந்தோறும் பெற்றோருக்கு நீங்கள் அனுப்பும் பணத்தையும் அவர்களின் மருத்துவச் செலவையும் சிறப்புச் சூழ்நிலை விளக்கும் பகுதியில் தொகையோடு எழுதுங்கள். நம்மவர்கள் இதைக் கடமை என்று நினைத்து எழுதாமல் விடுகிறார்கள். எழுதினால்தான் கல்லூரிக்குத் தெரியும்.

மூன்றாவது யோசனைதான் மிக ஆபத்தானது. ஐ-140 ஒப்புதல் என்பது வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். அதை வைத்து நிரந்தரவாசி என்று எழுதுவது பொய். நாளை கிரீன் கார்டு நேர்காணலில் அந்தப் பொய் எதிரே வந்து நிற்கலாம். குடிமகள் என்று எங்கேனும் குறித்துவிட்டால் அது இன்னும் மோசம். அரசு உதவி பெறுவதற்காகக் குடியுரிமை உண்டு என்று பொய் சொன்னவருக்குக் குடியேற்றச் சட்டம் நிரந்தரத் தடை விதிக்கிறது. அதிலிருந்து மீளும் வழி அநேகமாக இல்லை. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் குடியுரிமைக்கு இந்தியா என்றும், விசா வகைக்கு எச்-4 என்றும் உள்ளதை உள்ளபடி குறியுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். தந்தையின் எண்ணை அங்கே போடக் கூடாது.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் அது நடக்கக்கூடும். விண்ணப்பித்துக்கொண்டிருக்கும்போதே கிரீன் கார்டு வந்துவிட்டால் என்ன செய்வது? அட்டை உங்கள் மகளின் பெயரில் வந்திருக்க வேண்டும். தந்தைக்கு மட்டும் வந்தது போதாது. கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பமான ஐ-485 தாக்கல் செய்திருப்பதோ, அதன் பேரில் வேலை அனுமதி அட்டை கிடைத்திருப்பதோ கிரீன் கார்டு ஆகாது; இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத குடும்பத்தை நான் அரிதாகவே பார்க்கிறேன். விண்ணப்பம் அனுப்பும் முன்பே அட்டை கைக்கு வந்தால் நிரந்தரவாசி என்று குறித்து, ஃபாஃப்சாவையும் சேர்த்து நிரப்புங்கள். விண்ணப்பம் போன பிறகு, முடிவு வரும் முன் வந்தால், அன்றே சேர்க்கை அலுவலகத்துக்கும் நிதி உதவி அலுவலகத்துக்கும் தனித்தனியாக அட்டையின் நகலோடு எழுதுங்கள். ஒன்றுக்கு எழுதினால் மற்றொன்றுக்குப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள், போவதில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு வந்தாலும் எழுதுங்கள். முதலில் உதவி கேட்காதவர் பிறகு கேட்க முடியாது என்ற விதியைக் கொண்ட கல்லூரிகள்கூட, குடியேற்ற நிலை மாறியவருக்கு அந்தக் கதவைத் திறப்பதுண்டு.

உதவி கிடைத்த பிறகும் ஒரு வரியைக் கவனியுங்கள். நிதி உதவிக் கடிதத்தில் கொடைத் தொகைக்குக் கீழே மாணவர் வேலை என்று 3,000 டாலர் போல ஒரு தொகை இருக்கும். வளாகத்தில் வேலை செய்து சம்பாதித்துக்கொள் என்பது அதன் பொருள். எச்-4 பிள்ளை வேலை செய்யக் கூடாது. அந்தத் தொகையைக் கொடையாக மாற்றித் தரும்படி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். எஃப்-1 மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்தில் வேலை செய்யலாம். எப்படியும் 21 வயது நிறைவடையும்போது எச்-4 முடிந்துவிடும் என்பதால், மூன்றாம் ஆண்டுக்குள் இந்த மாற்றம் தேவைப்படும்.

மாநிலப் பல்கலைக்கழகத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இதில் ஒரு பொறி உண்டு. பல மாநிலங்கள் எச்-4 பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணத்தைத் தருகின்றன, ஆனால் எஃப்-1 மாணவர்களுக்குத் தருவதில்லை. படிப்பின் நடுவில் விசா மாறும்போது கட்டணம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஏறலாம். சேரும் முன்பே பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் மகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கும் அவள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "நான் எச்-4 விசாவில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறேன். என்னை எந்த வகையில் பரிசீலிப்பீர்கள்? நிதி உதவி கேட்பது என் சேர்க்கையைப் பாதிக்குமா? தேர்வானால் முழுத் தேவையையும் நிரப்புவீர்களா?" என்று கேட்டால் போதும். நேரான பதில் தராத கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள். 2027 இலையுதிர் காலத்தில் சேரும் மாணவருக்கு 2025-ஆம் ஆண்டின் வரிக் கணக்கையே பார்ப்பார்கள். அந்தப் படிவங்களை இப்போதே எடுத்து வையுங்கள். மகனுக்கு இவை எதுவும் வேண்டாம். அவன் குடிமகன், அவன் காலம் வரும்போது, பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும் ஃபாஃப்சா நிரப்புவான். ஒரே வீட்டில், ஒரே வருமானத்தில் வளரும் இருவருக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு இது.

அந்தப் பாலிசியில் இதற்குள் கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்றால், இன்றே பாலிசித் தாளின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ஃப்ரீ லுக் என்று ஒரு கால அவகாசம் அச்சிட்டிருக்கும்; பெரும்பாலும் பாலிசி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 10 முதல் 30 நாள். அதற்குள் ரத்து செய்வதாக எழுதி அனுப்பினால் கட்டிய பணம் திரும்ப வரும். கடிதத்தை முகவரிடம் கொடுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.