மூளை இணைப்புகளைக் காட்டும் ஸ்கேன் அம்மாவுக்குத் தேவையா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. ஓராண்டாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். எம்ஆர்ஐ அறிக்கையில் 'வயதுக்கேற்ற மாற்றங்கள்' என்று மட்டுமே உள்ளது. அல்சைமர் நோயின் தொடக்கத்திலேயே மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு குறைவதைச் செயல்பாட்டு எம்ஆர்ஐ காட்டிவிடும் என்று படித்தேன். அதை எடுக்கலாமா?

பதில்: ஆய்வுகளைப் பொறுத்தவரை நீங்கள் படித்தது சரியே. ஆயினும், உங்கள் தாயாருக்கு அந்த ஸ்கேனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழக்கமான எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டுகிறது. நீங்கள் கேட்கும் வகைச் செயல்பாட்டு எம்ஆர்ஐயோ, ஒருவர் எதுவும் செய்யாமல் சில நிமிடங்கள் படுத்திருக்கும்போது, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சார்ந்த சமிக்ஞை ஒவ்வொரு பகுதியிலும் மெல்ல ஏறி இறங்குவதைப் பதிவு செய்கிறது. இரு பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் அவை இணைந்து இயங்குவதாகக் கொள்கிறோம். ஆகவே, இதை அறுந்த நரம்பிழையைப் பிடித்த புகைப்படமாக எண்ணிவிட வேண்டாம். இது ஒரு கணக்கீடு. நாம் ஓய்வாக இருக்கும்போது சுறுசுறுப்பாகும் பகுதிகளின் வலையமைப்பைப் பற்றி அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்லின் குழு 2001இல் விளக்கியது. அந்த வலையமைப்பின் பின்பகுதிக்கும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸுக்கும் இடையிலான ஒத்திசைவு, அல்சைமரின் தொடக்க நிலையில் குறைந்திருப்பதை 2004இல் மைக்கேல் கிரீசியஸ் குழுவினர் காட்டினர். அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் முதலில் படியும் இடங்களும் பெரும்பாலும் இதே வலையமைப்பைச் சேர்ந்தவை என்பதால், ஆய்வாளர்களின் ஆர்வம் நியாயமானதே.

சிக்கல் என்னவென்றால், இவையெல்லாம் நோயுள்ள குழுவையும் நோயற்ற குழுவையும் ஒப்பிட்டுக் கிடைத்த சராசரிகள். தனியொருவரின் அளவைப் பார்த்து 'இது நோய்' என்று கோடு கிழிக்க முடியாது. ஸ்கேனுக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலும், கண்ணயர்ந்தாலும் அளவு மாறும். முதுமையும் மனச்சோர்வும்கூட அதை மாற்றும். தொடக்க நிலையில் சில இணைப்புகள் குறைவதற்கு முன் கூடியிருந்ததாகவும் சில ஆய்வுகள் கூறுகின்றன. அப்படியிருக்க, வரும் அறிக்கையை வைத்துக்கொண்டு நானோ வேறு மருத்துவரோ உங்களுக்கு என்ன சொல்லிவிட முடியும்?

நீங்கள் ஏற்கெனவே எடுத்த எம்ஆர்ஐ வீணல்ல. கட்டி, மூளை உறைக்கடியில் இரத்தக்கசிவு, மூளையில் நீர் தேக்கம் போன்றவை இருந்தால் அதில் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஹிப்போகாம்பஸ் சுருங்கியுள்ளதா என்று தனியாகக் குறிப்பிடும்படி ஸ்கேன் மருத்துவரைக் கேளுங்கள். மறதிக்கு வேறு காரணம் உண்டா என்றும் பாருங்கள்: வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகள் நடந்தனவா? தூக்க மாத்திரையோ ஒவ்வாமை மாத்திரையோ தொடர்ந்து சாப்பிடுகிறாரா? காது சரியாகக் கேட்கிறதா? (காதில் விழாததை மறதி என்று வீட்டார் எண்ணுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.) இவற்றுக்குப் பின், விரிவான நினைவாற்றல் பரிசோதனை அவசியம். அதன் பிறகும் ஐயம் நீடித்தால், மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் அளவையோ அமிலாய்டு படிவையோ காட்டும் பெட் ஸ்கேன், தண்டுவட நீர்ப் பரிசோதனை ஆகியவற்றில் எது பொருந்தும் என்று நரம்பியல் நிபுணர் முடிவு செய்வார். மறதியே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் அமிலாய்டு படிந்திருக்கும் என்பதால், அமிலாய்டு பரிசோதனையின் அறிக்கையையும் அறிகுறிகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நிபுணரிடம் செல்லும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: ஓராண்டுக்கு முன் தாமாகச் செய்துவந்த எந்தெந்த வேலைகளில் இப்போது தடுமாறுகிறார், எப்போதிலிருந்து, நினைவூட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறாரா, அல்லது அப்படியொன்று நடந்ததே இல்லை என்கிறாரா.