பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அண்ணனுக்கு வந்த வெளிக்காயம் ஆறிவிட்டது, மன பாதிப்பு மட்டும் போகவில்லை. நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேட்கலாம். விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது) வேலையின்போது விபத்தால் வந்த காயம் என்றுதான் பேசியது. தழும்பு தெரிய வேண்டும் என்று எங்கும் இல்லை. "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று கான்ட்ராக்டர் சொல்வதை விடுங்கள்.

ஆனால் இந்த மன பாதிப்பு, அந்தச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் (வேலையால் வரும் நோய்களின் பட்டியல்) இல்லை. அதனால் 2025 தையில் திருமங்கலம் பட்டாசு ஆலையில் நடந்த அந்த வெடிவிபத்தோடு உங்கள் அண்ணனின் நிலையைச் சேர்த்துக் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் மனு இங்கேதான் சறுக்குகிறது: டாக்டர் சீட்டில் "தூக்கமின்மை, பயம்" என்று மட்டும் இருக்கும். கல்யாண வெடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார் என்றீர்களே, அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். எந்த விபத்தால் வந்தது, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது, இரண்டும் சான்றிதழில் வர வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் இந்த வழி அடைபட்டது. இஎஸ்ஐ அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தொழிலாளர் துறையில் இழப்பீடு கேட்டு மனு. விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும், அது தனித் தலைவலி.