மாலத்தீவுப் பள்ளியில் பொங்கல் வீடியோவால் வந்த புகார்

டீச்சர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொங்கலைப் பற்றிச் சொல்லி, எல்லாரும் சூரியனைக் கும்பிடுவதை வீடியோ எடுத்துப் பெற்றோரின் வைபர் குழுவில் போட்டிருக்கிறீர்கள். வேற்று மதத்தைப் புகுத்துகிறார் என்று ஒரு தாய் கொதிக்கிறார். நேரே அவர் வீட்டுக்கே போய்ப் பேசிவிடவா என்று கேட்கிறீர்கள். போகாதீர்கள்.

அங்கே இது வெறும் மனத்தாங்கல் இல்லை. மாலத்தீவின் அரசு மதம் இஸ்லாம்; மற்ற மதத்தைப் பரப்புவதை 1994-ஆம் ஆண்டின் சமய ஒற்றுமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் கும்பிடுவது வேறு, அவர்கள் பிள்ளையைக் கும்பிட வைப்பது வேறு.

முதலில் வீடியோவைக் குழுவிலிருந்து எடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருக்கட்டும், முதல்வர் கேட்டால் காட்ட வேண்டும். அப்புறம் முதல்வருக்கு அரைப் பக்கக் கடிதம்: என்ன பாடம், என்ன நடந்தது, வழிபாட்டு நோக்கம் இல்லை, வருந்துகிறேன். அவ்வளவு போதும். ‘இது உழவர் திருநாள், மதமே இல்லை’ என்று வாதாட வேண்டாம். நமக்கு அது சரி. தன் பிள்ளை கைகூப்பி நிற்பதைப் பார்த்தவரிடம் எடுபடாது. அந்தத் தாயைச் சந்திப்பதானால் பள்ளியிலேயே, அந்நாட்டு மொழியான திவேகி பேசும் சக ஆசிரியர் ஒருவரோடு. இஸ்லாம் பாட ஆசிரியரே வந்தால் இன்னும் நல்லது.

பயமுறுத்தச் சொல்லவில்லை. 2007-இல் சூடானில் கில்லியன் கிப்பன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆசிரியையின் வகுப்பில் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுக் கரடி பொம்மைக்கு முகம்மது என்று பெயர் வைத்தார்கள். மதத்தை அவமதித்ததாக அவருக்கு 15 நாள் சிறைத் தண்டனை, பிறகு அதிபரின் மன்னிப்பு. புகார் கொடுத்தது பெற்றோர்கூட இல்லை, பள்ளி ஊழியர். அதனால் வேறு யாராவது முதல்வர் காதில் போடுவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். வெள்ளி, சனி விடுமுறை. வியாழனுக்குள் கடிதம் போகட்டும்.