குட்டியின் விலையைச் சேர்த்துவிட்டோம், கிரேட் டேன் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வாடகை வீடு. ஒரு கடன் முடிய இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி இருக்கிறது. அவசரத்துக்கு என்று இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை வைப்புத்தொகையில் போட்டு வைத்திருக்கிறோம். கிரேட் டேன் என்ற மிகப் பெரிய இன நாயை வளர்க்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயது ஆசை. குட்டியின் விலையைத் தனியாகச் சேர்த்துவிட்டோம். இந்த மாதமே முன்பணம் கொடுத்தால்தான் குட்டி கிடைக்கும் என்கிறார் விற்பவர். மாதச் சாப்பாட்டுச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம், சமாளிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். கடன் முடிந்து, நான் கீழே சொல்லும் ஒரு தொகையும் கையில் சேர்ந்த பிறகு வாங்குங்கள். உங்கள் ஆசையைத் தள்ளிப்போடச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் வீட்டிலும் 38 கிலோ எடையில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தான். கடைசி வருடத்தில் பின்னங்கால்கள் ஓய்ந்துபோய், அவனை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அந்த வருடம் அவனுக்காகச் செலவழித்ததில் ஒரு காசுகூட எனக்கு உறுத்தவில்லை. முன்பே சேர்த்து வைத்திருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

நீங்கள் சாப்பாட்டுச் செலவைக் கணக்குப் போட்டது நல்லது. பெரிய நாயைப் பொறுத்தவரை பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நாய்க்குத் தேவைப்படும் கலோரி, எடை கூடும் அதே வேகத்தில் கூடாது. 10 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே நாளுக்குச் சுமார் 400 கலோரி வேண்டும். 60 கிலோ நாய்க்கு அது சுமார் 1500. எடை ஆறு மடங்கு, தீனி நாலு மடங்கைக்கூடத் தொடவில்லை. மருந்து விஷயம் வேறு. வலி மருந்து, ஆன்டிபயாட்டிக் என்று பல மருந்துகளை ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் மருத்துவர் எழுதுவார். அங்கே ஆறு மடங்கு எடைக்கு ஆறு மடங்கு மருந்து. மயக்க மருந்தும் எடையோடு சேர்ந்து கூடும். உண்ணி மருந்தை எடை வாரியாகப் பிரித்து விற்கிறார்கள், வளர்ந்தபின் உங்கள் நாய் கடைசிப் பிரிவில்தான் இருக்கும். வெளியூர் போகும்போது விட்டுப் போகும் காப்பகத்திலும் உருவத்தைப் பார்த்துத்தான் பல இடங்களில் கட்டணம். அதனால் சிறிய நாய் வைத்திருக்கும் நண்பரிடம் செலவு விசாரித்து அதை நாலால் பெருக்கியிருந்தால், சாப்பாட்டுக்கு அது சரியாக வரும், மருத்துவத்துக்குப் போதாது.

கிரேட் டேன் என்றால் ஒரு செலவை முன்கூட்டியே மனதில் வைத்தாக வேண்டும். நெஞ்சுக்கூடு ஆழமாக இருக்கும் பெரிய இனங்களுக்கு வயிறு காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது மிக அதிகமாக வருவது இந்த இனத்துக்குத்தான். வாந்தி எடுக்கப் பார்க்கும், எதுவும் வராது. வயிறு புடைக்கும், ஓரிடத்தில் படுக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் போய்விடும். இது நள்ளிரவில் வந்தால், உங்கள் வைப்புத்தொகையை உடைத்துப் பணம் கணக்குக்கு வரும்வரை காத்திருக்க முடியுமா?

நான் சொன்ன தொகை இதற்குத்தான். அருகில் இரவிலும் இயங்கும் கால்நடை மருத்துவமனையைக் கூப்பிட்டு, 60 கிலோ நாய்க்கு வயிற்று முறுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகை, உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் தனியாக இருக்க வேண்டும். உங்கள் இருவருக்கான அவசர நிதியை இதில் சேர்க்காதீர்கள். அது இப்போது இரண்டு மாதத்துக்குத்தான் இருக்கிறது, ஆறு மாதத்துக்காவது வேண்டும். இரைப்பை முறுக்கிக்கொள்ளாதபடி அதை வயிற்றின் உள்சுவரோடு சேர்த்துத் தைக்கும் முறையும் இருக்கிறது. கருத்தடை செய்யும்போதே அதையும் செய்துகொள்ளலாம், எப்போது செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

காப்பீடு எடுப்பதானால் குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே எடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட நோயைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. இடுப்பு மூட்டுக்குத் தனிக் காத்திருப்புக் காலமும் சிலவற்றில் உண்டு. வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். பல பாலிசிகளில் நீங்கள் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற முடியும், ஆகவே பாலிசி இருந்தாலும் அந்தச் சேமிப்புக் கணக்கு வேண்டும்.

வாடகை வீடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய நாய் வைத்துக்கொள்ள வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். நாய்க்காக நடு வருடத்தில் வீடு மாறினால் புது முன்பணம், சாமான் ஏற்றும் செலவு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஏழு மாதத்தை ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம். தீனி, உண்ணி மருந்து, தடுப்பூசி, பயிற்சி, காப்பகம், காப்பீடு எல்லாவற்றையும் வருடக் கணக்கில் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். நாய் ஏற்கெனவே வீட்டில் இருப்பதாக நினைத்து, மாதம் பிறந்ததும் அந்தத் தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். மூன்றாவது மாதமே அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், இப்போதைய வருமானத்துக்கு இது பாரம் என்று தெரிந்துவிடும். தாக்குப்பிடித்துவிட்டால் கடன் முடிந்ததும் தவணைப் பணத்தையும் அங்கேயே போடுங்கள், அறுவைச் சிகிச்சைத் தொகை சீக்கிரம் நிரம்பும்.

ஒரு செலவைக் குறைக்கவும் வழி சொல்கிறேன். குட்டிக்கு எலும்பு பலமாக வேண்டும் என்று கால்சியம் மாத்திரை வாங்கிக் கொட்டுகிறார்கள். பெரிய இனக் குட்டிக்கு அளவுக்கு மிஞ்சிய கால்சியமும், கொழுக்கக் கொழுக்கத் தீனி போடுவதும் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீனி போதும், மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும்.

அப்புறம், இந்த இனத்தின் ஆயுள் பொதுவாக 7 முதல் 10 ஆண்டுதான். ஆறு வயதிலேயே முதுமை எட்டிப்பார்க்கும். மூட்டு வலி, இதய நோய்ச் செலவு சிறிய நாயைவிட மிகச் சீக்கிரம் வந்துவிடும். ஒத்திகைக் கணக்கை நாய் வந்த பிறகும் மூடாமல் கொஞ்சமாவது போட்டுக்கொண்டே வாருங்கள்.

இந்த மாதமே முன்பணம் என்று அவசரப்படுத்துகிறவரிடம், அடுத்த ஈற்றில் ஒரு குட்டி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரேவும் இதயப் பரிசோதனையும் செய்த தாள்களைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் அவரிடம் வாங்க வேண்டாம், வேறு ஆளைத் தேட உங்களுக்கு ஏழு மாதம் இருக்கிறது.