கணுக்காலுக்கும் ஒரு கண்

கேள்வி: வயது 21, கபடி ஆடுகிறேன். இரண்டு வருடத்தில் வலது கணுக்கால் மூன்று முறை மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலியும் போய்விட்டது. ஆனால் போன மாதம் ஏற்காட்டில் காபித் தோட்டத்து வழியில் சும்மா இறங்கி நடந்தபோது மறுபடியும் படக்கென்று பிசகியது. கால் வீக்காகிவிட்டதா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தம்பி, வலி போனதும் கால் சரியாகிவிட்டது என்று மறுபடி களத்தில் இறங்கியிருப்பீர்கள், எல்லோரும் அங்கேதான் ஏமாறுகிறோம். இன்று ராத்திரியே ஒன்று செய்து பாருங்கள். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, சுவருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு இடது காலில் மட்டும் நின்று, மெதுவாகக் கண்ணை மூடுங்கள். கணுக்காலுக்கு முன்னால் தசைநாண்கள் தறியில் பாவு நூல் துடிக்கிற மாதிரி எழும்பி எழும்பி அடங்கும். அது ஆட்டம் இல்லை, வேலை. அப்புறம் வலது காலில் நில்லுங்கள். விரல்கள் தரையைக் கவ்வப் பார்க்கும், கை அதற்குள் சுவரைத் தேடினால் விஷயம் புரிந்துவிடும்.

கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்க்காமலே மூளைக்குத் தெரிகிறது இல்லையா, அந்தச் சேதியை அனுப்புவது மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரிலும் தசையிலும் இருக்கிற நுண்ணிய உணர்விகள். பிசியோக்கள் இதை புரோப்ரியோசெப்ஷன் என்பார்கள். நார் கிழிபடும்போது உணர்வியும் அடிபடுகிறது, அதனால்தான் கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது என்று 1965-லேயே இங்கிலாந்தில் ஃப்ரீமேன் என்ற மருத்துவரின் குழு சொன்னது. கால் மடங்குகிற வேகத்துக்குத் தசை சுதாரித்துப் பிடிப்பது ரொம்பக் கடினம், ஆகவே தரையைத் தொடுவதற்கு முன்பே பாதம் சரியான கோணத்தில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகி, வெளி விளிம்பு முதலில் பட்டால் போச்சு. இதில் இறக்கம் வேறு: முன்பாதம் கீழ்நோக்கி நீளும்போது கணுக்கால் எலும்பின் குறுகலான பின்பகுதிதான் மூட்டுக்குள் உட்காருகிறது, மூட்டு கொஞ்சம் லூசாகிவிடும். ரெய்டு போய் எம்பிக் குதித்து முன்காலில் இறங்கினாலும் இதே கதைதான்.

ஆக, பலத்தோடு சேர்த்துக் காலுக்குத் தன் நிலையையும் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடி, அப்புறம் தலையணை மேல், அப்புறம் நண்பன் எறிகிற பந்தைப் பிடித்துக்கொண்டு. கடைசியாகப் பக்கவாட்டில் தாவி ஒற்றைக் காலில் இறங்கி அப்படியே நிற்பது, கபடிக்கு இதுதான் உயிர். வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம் விடாதீர்கள். நெதர்லாந்தில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் வீட்டிலேயே இப்படிப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களில் 33 சதவீதம் பேருக்கும் ஒரு வருடத்துக்குள் மறுபடி பிசகியது. மந்திரமில்லை, ஆனால் காசு செலவில்லாத வித்தியாசம். மேட்ச் நாளில் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: பிசகிய அன்றே எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சுளுக்கு விடும் என்கிறார் அப்பாயி. செய்யலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம்மா, வீங்கிய காலை முதல் இரண்டு மூன்று நாள் உருவினால் உள்ளே கசிவு கூடும். அப்பாயியிடம் தைலத்தை மேலாகத் தடவச் சொல்லுங்கள், அவருக்கும் மனசு ஆறும். நான்கு அடி கூட வைக்க முடியாவிட்டாலோ, கணுமுட்டியின் பின்விளிம்பில் எலும்பையே அழுத்தினால் வலித்தாலோ, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியாவது எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.