ஓய்வுப் பணம் 40 லட்சம்: மகனுக்கு 15 கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலையில் 30 வருஷம் கணக்கு வேலை பார்த்து, 58 வயதில் ஓய்வு பெற்றேன். பி.எஃப். 31 லட்சம், கிராஜுவிட்டி 9 லட்சம். இரண்டும் போன மாதம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டன. இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 4,600 ரூபாய். சொந்த வீடு, கடன் இல்லை. எனக்கும் மனைவிக்கும் (வயது 54) மாதம் 27,000 செலவாகிறது. எனக்குச் சர்க்கரை உண்டு. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு ஓய்வோடு முடிந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன் ஃபிளாட் வாங்க 15 லட்சம் கேட்கிறான். வங்கியில் ஒரு இன்ஷூரன்ஸ் திட்டத்தில் வருஷம் 2 லட்சம் வீதம் 5 வருஷம் கட்டச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை வட்டி தரும் ஒரு ஃபைனான்ஸில் போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: மகன் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். அது முடிவாகாமல் மற்ற எந்தக் கணக்கும் நிற்காது.

உங்களிடம் இருப்பதை 40 லட்சம் என்று பார்க்காமல், மாதம் எவ்வளவு தரும் என்று மாற்றிப் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது வட்டி 8.2 சதவீதம். அதில் 15 லட்சம் போட்டால் வருஷத்துக்கு 1,23,000, அதாவது மாதம் 10,250 ரூபாய். மகனுக்கு 15 லட்சம் கொடுப்பது என்றால், உங்கள் வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை ஒவ்வொரு மாதமும் அவருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். மிச்சம் 25 லட்சத்தை அப்படியே அந்தத் திட்டத்தில் போட்டாலும் மாதம் சுமார் 17,080 வரும். பென்ஷனைச் சேர்த்தால் 21,680. முதல் மாதத்திலேயே 5,300 ரூபாய் துண்டு விழும். அதுவும் கையில் அவசரத்துக்கு ஒரு ரூபாய் இல்லாமல்.

அதனால் 15 லட்சம் கொடுக்க வேண்டாம். உங்கள் மகனுக்கு வீட்டுக் கடன் தர வங்கிகள் இருக்கின்றன. 65 வயதில் உங்கள் அரிசி பருப்புக்கும் மருந்துக்கும் கடன் தர எந்த வங்கியும் வராது. மனசு கேட்கவில்லை என்றால் 2 லட்சம் கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்துக் கொடுங்கள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மகனிடமே காட்டுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அப்பாவிடம் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். மாதக் கணக்கை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள்.

அடுத்தது அவசர வேலை. மூத்த குடிமக்கள் திட்டம் பொதுவாக 60 வயதுக்கு மேல்தான். ஆனால் 55 முதல் 60-க்குள் ஓய்வு பெற்றவர்களும் சேரலாம், ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட்டால். உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது. இந்தக் கெடுவைத் தவறவிட்டால் 60 வயது வரை காத்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற தேதி, என்ன பதவி, எத்தனை வருஷம், எவ்வளவு பணம் எப்போது வழங்கப்பட்டது என்று ஆலையிடமிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். தபால் அலுவலகத்திலும் வங்கியிலும் இந்தச் சான்றிதழ் இல்லாமல்தான் பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இந்த வாரமே போய் வாங்கிவிடுங்கள்.

ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். நான் உங்களுக்குச் சொல்வது 24 லட்சம். மனைவியைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேருங்கள், அவருக்கு வயது தடை இல்லை. 5 வருஷத் திட்டம். அரசு வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை மாற்றினாலும், நீங்கள் போடும் அன்றைய வீதம் 5 வருஷத்துக்கும் மாறாது. முதல் வருஷத்துக்குள் எடுத்தால் வட்டி கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் எடுத்தால் போட்ட தொகையில் ஒன்றரை சதவீதமும், அதற்குப் பிறகு எடுத்தால் 1 சதவீதமும் பிடிப்பார்கள். அதனால்தான் முழு 30 லட்சத்தையும் அங்கே பூட்டச் சொல்லவில்லை.

24 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 49,200 ரூபாய் வரும். இங்கே ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சம்பளம் மாதாமாதம் வந்து பழகிய வீட்டில் ஏப்ரல் 1-ஆம் தேதி மொத்தமாக 49,200 வந்து விழுந்தால், ஏப்ரலில் ஒரு கல்யாணச் சீர், மே மாதம் ஒரு காதுகுத்து மொய், ஜூனில் கை வறண்டுவிடும். வட்டி வந்து சேர ஒரு தனி சேமிப்புக் கணக்கு வையுங்கள். அதிலிருந்து மாதம் 1-ஆம் தேதி 16,400 ரூபாய் வீட்டுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் சம்பளம் மறுபடி ஆரம்பித்த மாதிரி இருக்கும்.

அப்புறம் 9 லட்சத்தைத் தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் போடுங்கள். 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 வரும். மிச்சம் 7 லட்சம். அதில் 3 லட்சம் வங்கி ஃபிக்சட் டெபாசிட், ஆஸ்பத்திரிச் செலவு போன்ற அவசரத்துக்கு. ஒரே ரசீதாக இல்லாமல் 50,000 வீதம் ஆறாகப் போட்டால், தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். 4 லட்சம் நீண்ட நாள் வளர்ச்சிக்கு. 7 வருஷம் தொடாமல் இருக்க முடியும், நடுவில் 3 லட்சமாக இறங்கினாலும் தூக்கம் போகாது என்றால், பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போடலாம். முடியாது என்றால் வட்டியை எடுக்காமல் சேர்ந்துகொண்டே போகும் டெபாசிட் போதும்.

சரி, மாத வருமானம் என்ன ஆயிற்று? பென்ஷன் 4,600, மூத்த குடிமக்கள் திட்டம் 16,400, மாத வருமானத் திட்டம் 5,550. மொத்தம் 26,550. செலவு 27,000. இன்றைக்குக் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. ஆனால் இது இன்றைய விலைவாசிக்கு மட்டும்தான். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும். உங்கள் 70-ஆவது வயதில் இதே வாழ்க்கைக்கு 54,000 வேண்டும். இ.பி.எஸ். பென்ஷனில் பஞ்சப்படி கிடையாது, வட்டியும் ஏறாது. வட்டியை முழுக்கச் சாப்பிட்டு முதலை அப்படியே வைத்திருந்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை தோற்பது இங்கேதான்.

இதற்கு இரண்டு வழி சொல்கிறேன். உங்களுக்குக் கணக்கு தெரியும். கோவை, திருப்பூர் பக்கம் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்க, பில் சரிபார்க்க ஆள் தேடும் சிறு பட்டறைகளும் கடைகளும் நிறைய. அரை நாள் வேலைக்கு மாதம் 8,000 கிடைத்தாலே போதும். அந்த 5,550 ரூபாயைத் தொடாமல் மாதாமாதம் கட்டும் தபால் அலுவலக ஆர்.டி.யில் திருப்பிவிடலாம். இப்போதைய 6.7 சதவீதத்தில் 5 வருஷத்தில் சுமார் 3 லட்சத்து 96 ஆயிரம் சேரும். 63 வயதில் வேலையை விடும்போது அது கைகொடுக்கும். இரண்டாவது, 70-க்குப் பிறகு முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள். முதலில் கை வைப்பது பாவம் என்று நினைத்து மாத்திரையைப் பாதியாக்கிச் சாப்பிடும் பெரியவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இது உங்கள் உழைப்பு, உங்கள் இருவரின் முதுமைக்காகச் சேர்த்தது. பிள்ளைகளுக்கு உங்கள் சொந்த வீடு மிஞ்சும்.

மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனியின் குழு பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மாற முடிந்தால் ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் வரும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் க்ளெய்ம் அன்றைக்குத்தான் பிரச்சினை வெடிக்கும். தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. பிரீமியத்தை 12-ஆல் வகுத்து மாதச் செலவில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்; உங்கள் 27,000-இல் அது இல்லை என்று நினைக்கிறேன். பகுதி நேர வேலையை வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு தகவல்: குறைந்தது 5 வருஷம் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருந்து, இ.எஸ்.ஐ. உறுப்பினராகவே ஓய்வு பெற்றவர்கள் வருஷம் 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் சிகிச்சை தொடரும். பலர் கேட்டு வாங்குவதே இல்லை.

வங்கியில் சொல்லும் இன்ஷூரன்ஸ் திட்டம் வேண்டாம். சம்பளம் நின்ற பிறகு வருஷம் 2 லட்சம் எங்கிருந்து கட்டுவீர்கள்? நடுவில் நிறுத்தினால் கட்டியதில் நஷ்டம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும்.

ஒன்றரை வட்டி என்றால் வருஷம் 18 சதவீதம். ஒழுங்கான வியாபாரி வங்கியில் அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்க முடியும்போது உங்களிடம் ஏன் வருகிறார் என்று யோசியுங்கள். இப்படிப் பணத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே தமிழ்நாட்டில் 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் இருந்தும் பணம் திரும்ப வருஷக்கணக்கில் ஆகிறது. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஃபைனான்ஸ், நிதி கம்பெனி, கூட்டுறவுக் கடன் சங்கம் எதற்கும் அது கிடையாது.

வரி பற்றிக் கவலை வேண்டாம். புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது. பகுதி நேர வருமானமும் சேர்ந்து 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் மட்டும் தாக்கல் செய்யுங்கள். வட்டியில் வரி பிடிக்காமலிருக்கத் தரும் உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுங்கள். பென்ஷன் உயிர்ச் சான்று கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்து முடிக்கலாம்.

கடைசியாக உங்கள் மனைவிக்காக ஒன்று. உங்களுக்குப் பிறகு அவருக்கு வரும் பென்ஷன் பாதிதான், 2,300 ரூபாய். ஆகவே டெபாசிட்கள் எல்லாம் அவர் கைக்குத் தடையின்றிப் போக வேண்டும். ஃபிக்சட் டெபாசிட்டை ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் முதிர்வுத் தேதிக்கு முன் ஒருவர் இறந்தால், எஞ்சியவர் மட்டும் தனியாக அதை உடைக்கலாம் என்று இருவரும் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறந்தவரின் வாரிசுகள் அத்தனை பேரின் ஒப்புதலையும் வங்கி கேட்கும். ஃபாரத்தில் அதற்கான இடம் எங்கே என்று கவுன்ட்டரில் கேட்டு, மனைவியையும் கூட்டிப் போய் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.