ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர்

(கட்டமைப்புவாதக் கற்றல் கோட்பாடு குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்)

உளவியலாளர்கள் பியாஜே, வைகாட்ஸ்கி இருவரும் ஒன்றையே சொல்வதுபோல் இருக்கிறது. தேர்வில் வேறுபாட்டை எப்படி எழுதுவது?
— பி.எட். முதலாண்டு மாணவி, விழுப்புரம்

குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்பதில் இருவருக்கும் உடன்பாடுதான்; கட்டமைப்புவாதத்தின் அடிப்படையே இதுதான். பியாஜே முக்கியமாகக் கவனித்தது குழந்தைக்கும் பொருளுக்கும் இடையே நடப்பதை. நாயை மட்டுமே பார்த்த குழந்தை ஆட்டையும் ‘நாய்’ என்கிறது; இது தன்வயமாக்கல். ஆடு ‘மே’ என்று கத்தியதும் பழைய வகையைப் பிரித்து, புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது, இது பொருந்தச்செய்தல். வைகாட்ஸ்கி கவனித்ததோ குழந்தைக்கும் இன்னொரு மனிதருக்கும் இடையே நடப்பதை. தனியாகச் செய்ய முடியாததை அக்கா பக்கத்தில் இருந்தால் செய்ய முடிகிறதல்லவா, அந்த இடைவெளிதான் அண்மை வளர்ச்சி மண்டலம். அந்த இடைவெளியைக் கடக்கப் பிறர் தரும் தற்காலிக உதவியைச் ‘சாரம் கட்டுதல்’ என்பார்கள்; அது வைகாட்ஸ்கியின் சொல் என்று எழுதிவிடாதீர்கள். 1976இல் உட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல் அது.

கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் வகுப்பில் 40 பிள்ளைகள், 45 நிமிடம். இதில் கட்டமைப்புவாத முறையில் கற்பிப்பது எப்படிச் சாத்தியம்?
— பி.எட். மாணவர், தேனி

சாத்தியம்தான். ஆனால் பாடக்குறிப்பில் ‘குழுச் செயல்பாடு’ என்று எழுதிவிட்டால் போதாது. பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும்.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நால்வருக்கு ஒரு குழு, மொத்தம் பத்துக் குழு. குழுவுக்கு ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு 2.5 வோல்ட் டார்ச் பல்பு, இருமுனையும் உரித்த 15 செ.மீ. ஒயர் ஒன்று. பல்பு இழை உள்ளதாக இருக்கட்டும். கடையில் எல்.இ.டி. கொடுத்துவிடுவார்கள், வெள்ளை எல்.இ.டி. 1.5 வோல்ட்டில் எரியாது, பாடமே படுத்துவிடும்.

பொருளைக் கொடுப்பதற்கு முன், எப்படி இணைத்தால் எரியும் என்று ஒவ்வொருவரும் தனியாகப் படம் வரையட்டும். ஐந்து நிமிடம் போதும். இதைத் தவிர்த்தால் பாடத்தின் உயிரே போய்விடும். பலர் பேட்டரியின் ஒரு முனையை மட்டும் பல்போடு இணைத்து வரைவார்கள். மின்சாரம் தண்ணீர்போல ஒரு பக்கமாக வந்து சேர்ந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். பிறகு பதினைந்து நிமிடம் முயன்று பார்க்கட்டும். பல்பின் அடிக்குமிழைப் பேட்டரியின் நேர்முனையில் வைத்து, பல்பின் உலோகப் பக்கத்திலிருந்து பேட்டரியின் அடிப்பகுதிக்கு ஒயரைக் கொண்டுவந்தால் எரியும். இதை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. தவிக்கும் குழுவிடம் ‘பல்பில் உலோகம் எங்கெல்லாம் இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். சாரம் என்பது இவ்வளவுதான். பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் நேராகத் தொட்டுப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுடும். ஒரே பிள்ளை எல்லாவற்றையும் செய்துவிடுவதும் நடக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றச் சொல்லுங்கள்.

மீதி நேரம் கரும்பலகைக்கு. எரிந்த படங்கள் ஒரு பக்கம், எரியாதவை மறுபக்கம்; வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்லட்டும். ‘மூடிய சுற்று’ என்ற சொல்லை அதன் பிறகு கொடுங்கள். நேரம் போதாமல் இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் எரிந்த பல்பு நினைவில் நிற்கும், ஏன் எரிந்தது என்பது நிற்காது.

அடுத்த வகுப்பில் இரண்டு பேட்டரி, இரண்டு பல்பு, தொடர் இணைப்பு. ‘முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடும், இரண்டாவது மங்கும்’ என்பார்கள். உண்மையில் ஒரேமாதிரிப் பல்புகள் ஒரே அளவில்தான் எரியும். ஒன்று மங்கலாக எரிந்தால் பதறாமல் இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் அந்தப் பல்போடேயே போனால் குறை பல்பில்தான், வரிசையில் இல்லை.

அப்படியானால் ஆசிரியர் எதையுமே நேரடியாகச் சொல்லக் கூடாதா?
— தொடக்கக்கல்விப் பட்டய மாணவி, நாகப்பட்டினம்

சொல்ல வேண்டும். ‘க’ என்ற வடிவத்துக்கு அந்த ஒலி என்பது மனிதர்கள் வைத்த ஏற்பாடு. எவ்வளவு யோசித்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது, சொல்லித்தான் தர வேண்டும். முற்றிலும் புதிய பகுதியில் வழிகாட்டாமல் விட்டால் கற்றல் நடக்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் 2006இல் எழுதியது கட்டமைப்புவாதிகள் கட்டாயம் படிக்க வேண்டிய விமர்சனம். தொடக்கநிலையில் செய்துகாட்டிய கணக்குகள் நிறையத் தேவை. கோட்பாடு பேசுவது கற்பவரின் மனத்தில் நடப்பதைப் பற்றி. ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

தவறான விடையை உடனே திருத்தலாமா?
— பயிற்சி ஆசிரியர், சேலம்

முதலில் ‘எப்படி?’ என்று கேளுங்கள். 0.35 தான் 0.4-ஐவிடப் பெரியது என்ற பிள்ளை, 35 நான்கைவிடப் பெரியது என்ற முழு எண் விதியை ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறது. ரூபாய், பைசாவைக் காட்டி விளக்காதீர்கள். புள்ளிக்கு இருபுறமும் இரண்டு தனி எண்கள் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்தும். 10×10 கட்டத்தாளில் இரண்டையும் நிழலிடச் சொல்லுங்கள். 0.4-க்கு நான்கே கட்டங்களை அந்தப் பிள்ளை நிழலிட்டால், எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.